அத்தியாயம் 5: குட்டிக்கு எந்தப் பூச்சி?

பியர்டட் டிராகன் வளர்ப்பில் தொட்டிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு ஒரு தடவையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பூச்சிக்கு ஆகும் செலவு வாராவாரம் வரும். நன்றாகத் தின்னும் இரண்டு மாதக் குட்டி ஒரே நாளில் முப்பது, நாற்பது சின்னக் கிரிக்கெட்டுகளை (சுவர்க்கோழிகளை) காலி செய்துவிடும். ஆகவே எந்தப் பூச்சி, என்ன அளவு, எங்கே வாங்குவது என்பதையெல்லாம் குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிக்கல் கடையிலேயே தொடங்குகிறது. இந்தியாவில் பறவையும் மீனும் வளர்ப்பவர்களை நம்பி நடக்கும் கடைகளில் மீல்வார்ம், சூப்பர்வார்ம் என்னும் புழுக்கள்தான் சுலபமாகக் கிடைக்கும். குட்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாதவையும் அவைதான். லண்டன் கடைகளில் வெட்டுக்கிளி சாதாரணம். அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் அதைப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் டூபியா கரப்பான் தாராளம். கனடாவில் அதற்கு அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் டூபியாவுக்குப் பதில் 'வுடி' என்று அழைக்கப்படும் வேறொரு கரப்பானை வாங்குவார்கள். ஊருக்கு ஊர் பூச்சி மாறுவதால், 'இதுதான் சிறந்தது' என்று ஒன்றைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

அப்படிக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. குறையே இல்லாத இரைப்பூச்சி என்று ஒன்று கிடையாது. ஒன்றில் கால்சியம் போதாது, ஒன்றில் கொழுப்பு மிகுதி, ஒன்றில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அளவு பார்த்து வாங்கி, வாங்கிய பூச்சிக்கு நல்ல தீனி போட்டு, கால்சியம் தூவி, இரண்டு மூன்று வகையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் சாதாரணக் கிரிக்கெட்டே உங்கள் குட்டியை ஆளாக்கிவிடும். இந்த அத்தியாயம் அந்த வரிசையில்தான் போகிறது.

இயற்கையில் அது தின்பது

பியர்டட் டிராகனை இந்நூலில் தாடி ஓணான் என்றே குறிப்பிட்டு வருகிறோம். நம் வேலியோரத்து ஓணானும் அதுவும் ஒரே குடும்பம். அதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் மழை குறைந்த உள்நிலம். தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை என்பதால், மற்ற நாடுகளில் விற்கப்படுபவை வளர்ப்பிடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. வயிறு மட்டும் இன்னும் அந்த வறண்ட நிலத்தின் வயிறுதான். இலை, பூ, வண்டு, எறும்பு, கறையான் என்று கிடைத்ததைக் கிடைத்தபோது தின்னும்.

அங்கே சுதந்திரமாகத் திரியும் தாடி ஓணான்களின் இரைப்பையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அவை தின்றிருந்த பூச்சிகளில் பெரும்பங்கு ஈசல். அரை அடிக்கு மேல் வளர்ந்த விலங்குகூட, கிடைக்கும்போது விரல் நுனியளவுப் பூச்சிகளையே ஏராளமாகப் பொறுக்கித் தின்கிறது. இரை பெரிதாக இருந்தால்தான் வயிறு நிறையும் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். குட்டிக்கு வேண்டியது சிறியதும் மென்மையானதுமான இரை, எண்ணிக்கையில் நிறைய.

முட்டையிலிருந்து வரும்போது வாலோடு சேர்த்துச் சுமார் 10 செ.மீ. இருக்கும் குட்டி, ஓராண்டுக்குள் ஏறக்குறைய முழு வளர்ச்சியை எட்டிவிடும். வளர்ந்தவை 45 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். இந்த வேகத்துக்குப் புரதமும் கால்சியமும் வேண்டும். அதனால்தான் முதல் சில மாதங்களில் உணவில் 70 முதல் 80 சதவீதம் பூச்சியாகவும் மீதி கீரையாகவும் இருக்கிறது. வளர்ந்தபின் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

முதலில் அளவு

குட்டியின் தலையை மேலிருந்து பாருங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்கள் அளவுகோல். கிரிக்கெட், கரப்பான், வெட்டுக்கிளி ஆகியவற்றின் நீளம் அந்த இடைவெளியைத் தாண்டக் கூடாது. மென்மையான புழுவாக இருந்தால் நீளம் சற்றுக் கூடலாம். தடிமன் கூடக் கூடாது.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

- ஒன்றரை மாதம் வரை: 3 முதல் 6 மி.மீ.
- மூன்று மாதம் வரை: 6 முதல் 10 மி.மீ.
- ஆறு மாதம் வரை: 10 முதல் 15 மி.மீ.
- அதன்பின்: தலையின் அகலத்துக்கு ஏற்ப, முழு வளர்ச்சி பெற்ற கிரிக்கெட் வரை.

ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்த குட்டிகள்கூட ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வயதும் தலையும் முரண்பட்டால் தலையையே நம்புங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சிறியதை வாங்குங்கள். சிறியதைத் தின்று எந்தக் குட்டியும் கெட்டதில்லை. இன்னும் நாலு சேர்த்துத் தின்னும், அவ்வளவுதான்.

தாடி ஓணான் இரையை அரைத்துத் தின்பதில்லை. கவ்வி, இரண்டு மூன்று தடவை நசுக்கி, அப்படியே விழுங்கும். பெரிய பூச்சி தொண்டையில் அடைக்கலாம், கக்கப்படலாம், குடலில் தங்கி மலத்தை மறிக்கலாம். பெரிய பூச்சி முதுகு நரம்பை அழுத்திப் பின்னங்கால்களை முடக்கிவிடும் என்று ஒரு பேச்சும் வளர்ப்பவர்களிடையே உண்டு. பின்னங்கால் இழுக்கும் குட்டியைக் கொண்டுபோனால், பெரும்பாலும் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது கால்சியக் குறைவைத்தான்.

செரிமானத்தில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸை ஒட்டியும், தொட்டியின் குளிர்ந்த மூலை 25 டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். கல் சூடேறாத தொட்டியில் சரியான அளவுப் பூச்சியும் வயிற்றிலேயே கிடக்கும். குட்டிக்கு மலச்சிக்கல் என்றால், பூச்சியின் மேல் பழி போடுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள்.

அடுத்து, உள்ளே இருப்பது

குட்டியின் உணவில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு பங்கு இருப்பது நல்லது. பூச்சிக்கு எலும்பு கிடையாது. அதன் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. எனவே பெரும்பாலான இரைப்பூச்சிகளில் கணக்கு தலைகீழாக இருக்கும். வளர்ந்த கிரிக்கெட்டில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஏறக்குறைய ஏழு பங்கு. மீல்வார்மில் இந்த இடைவெளி இன்னும் மோசம். பாஸ்பரஸ் பதினைந்து பங்குக்கு மேலேயே போகும்.

கால்சியம் போதாதபோது உடம்பு சும்மா இருக்காது. ரத்தத்தில் வேண்டிய அளவைக் காப்பாற்ற, எலும்பிலிருந்து உருவி எடுக்கும். வளரும் குட்டியின் தாடை ரப்பர்போல நெகிழும், கால் விரல்கள் துடிக்கும், கைகால் வீங்கும், முதுகெலும்பு வளையும். வளர்ப்பு ஓணான்களில் அடிக்கடி காணும் எலும்பு நோய் இதுதான். வளைந்த எலும்பு பிறகு நிமிர்வதில்லை. வராமல் தடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

தின்ற கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். யுவிபி கதிர் தோலில் பட்டால் ஓணானின் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யுவிபி ஏறக்குறைய இருக்காது என்பதால் விளக்கு அவசியம். அதைப் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். விளக்கு சரியில்லாத வீட்டில் எந்தப் பூச்சியைத் தேர்ந்தெடுத்தாலும் பாதிப் பலன்தான்.

அன்றாட இரைக்கு ஏற்றவை

கிரிக்கெட். சுவர்க்கோழி இனம். புரதம் சுமார் 20 சதவீதம், கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டி. ஊசித்தலை அளவிலிருந்து ஒவ்வொரு அளவிலும் கிடைப்பதும், ஓடித் துள்ளிக் குட்டியின் வேட்டை ஆசையைத் தூண்டுவதும் இதன் பெரிய நன்மைகள். குறைகளும் உண்டு: நாற்றம், இரவெல்லாம் ஆண் பூச்சியின் சத்தம், சீக்கிரம் செத்துவிடுவது. தின்னாமல் விட்ட கிரிக்கெட் இரவில் தூங்கும் குட்டியின் விரலையும் வால் நுனியையும் கடிக்கும். பண்ணைகளில் பரவலாக இருந்த வீட்டுக் கிரிக்கெட்டைத் தாக்கும் ஒரு டென்ஸோவைரஸ், 2009–10 வாக்கில் அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றைக் காலி செய்தது. அதன் பிறகு பலர் அந்த நோயைத் தாங்கும் வரிக் கிரிக்கெட்டுக்கு மாறினார்கள். வாங்குபவருக்கு இரண்டில் எதுவும் சரிதான்.

டூபியா கரப்பான். தென் அமெரிக்க இனம். புரதம் கிரிக்கெட்டுக்குக் குறையாது. வழவழப்பான கண்ணாடியில் ஏறாது, சத்தம் போடாது, நாற்றம் குறைவு, பல மாதம் உயிரோடு இருக்கும். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் என்பதால் 3, 4 மி.மீ. அளவிலேயே குஞ்சுகள் கிடைக்கும். அசையாமல் பதுங்கிவிடுவதுதான் இதன் குறை. கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் குட்டியின் கண்ணில் படும். ஆஸ்திரேலியாவில் விற்கும் வுடி இதற்கு ஈடானது. ஆனால் அது கண்ணாடியில் ஏறும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கரப்பானைத் தொடர்ந்து கையாண்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். தும்மலும் தோல் தடிப்பும் தொடங்கினால் கையுறையோடு நிறுத்தாமல் வேறு பூச்சிக்கு மாறிவிடுங்கள்.

பிஎஸ்எஃப் புழு. கழிவை மக்கவைக்கவும் கோழித் தீவனத்துக்கும் வளர்க்கப்படும் கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. இரைப்பூச்சிகளில் இது ஒரு விதிவிலக்கு: பாஸ்பரஸைவிடக் கால்சியம் இரண்டு பங்குக்கு மேல் இருக்கும், ஏனெனில் தன் தோலிலேயே அது கால்சியத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆகவே கால்சியம் தூவத் தேவையில்லை. சின்ன அளவில் கிடைப்பதால் குட்டிக்கு நன்கு பொருந்தும். கொழுப்பு 14 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் இதையே மூன்று வேளையும் கொடுக்க வேண்டாம். தோல் கொஞ்சம் தடிப்பு. மலத்தில் முழுப் புழு வெளிவந்தால் அடுத்த தடவை இன்னும் சிறியதாகப் பார்த்துக் கொடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சமையலறைக் கழிவிலும் சாணத்திலும் வளர்ந்த உரத்தொட்டிப் புழு இரைக்கு ஆகாது. தானியத் தீனியில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டுக்கிளி. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் வாழ்பவர்களுக்குக் கிரிக்கெட்டுக்கு நல்ல மாற்று. கத்தாது, கடிக்காது, தொட்டியில் மேலே ஏறி நிற்பதால் குட்டிக்குத் தெளிவாகத் தெரியும். விலை கூடுதல். சின்ன அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

பட்டுப்புழு. மென்மையான உடல், கொழுப்பு மிகக் குறைவு, எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நோயிலிருந்து தேறும் குட்டிக்கும் தண்ணீர் போதாத குட்டிக்கும் அருமையான இரை. புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில நாளிலேயே கொடுக்கத் தொடங்கலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வளர்ப்புத் தட்டில் நோய்த்தடுப்புத் தூள் தூவுவது அங்கே வழக்கம். மல்பெரித் தோட்டத்தில் மருந்தும் அடித்திருக்கலாம். முட்டை வாங்கி வந்து, மருந்து படாத மல்பெரி இலையில் நீங்களே இளம்புழுவாக வளர்ப்பது பாதுகாப்பு.

எப்போதாவது கொடுக்கலாம்

ஹார்ன்வார்ம். நீலப் பச்சை நிறக் கொழுத்த புழு. சுமார் 85 சதவீதம் தண்ணீர். வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். மிகுந்தால் மலம் இளகும். இது சில நாட்களிலேயே பல மடங்கு பெருத்துவிடும், அதனால் வாங்கிய அன்றே அளவு பார்த்துத் தொடங்குங்கள். தக்காளி, புகையிலைச் செடியில் இதே புழுவைக் கண்டால் எடுக்கக் கூடாது. அந்த இலைகளின் நச்சு அதன் வயிற்றில் இருக்கும்.

மெழுகுப்புழு. தேன்கூட்டைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. கொழுப்பு 25 சதவீதத்தை ஒட்டி. எடை குறைந்த குட்டியைத் தேற்ற மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம். மற்றபடி இதன் ருசிக்குப் பழகிய குட்டி கிரிக்கெட்டைத் திரும்பியும் பார்க்காது.

குட்டிக்கு வேண்டாம்

மீல்வார்மும் சூப்பர்வார்மும் கடைகளில் மலிவு, வாரக்கணக்கில் சாகாமல் கிடக்கும், நாற்றமும் இல்லை. வாங்குபவரின் வசதிக்கு எல்லாம் பொருந்தும். குட்டியின் வயிற்றுக்குத்தான் பொருந்தாது. மீல்வார்மின் தோல் தடிப்பு, உடம்பில் சதை குறைவு, கொழுப்பு 13 சதவீதத்தை ஒட்டி. சூப்பர்வார்ம் அதைவிடப் பெரியது, கொழுப்பு 18 சதவீதத்தை நெருங்கும், வலுவான தாடையும் உண்டு. விழுங்கிய சூப்பர்வார்ம் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் என்ற கதையை நம்ப வேண்டாம். வேண்டாம் என்பதற்கு அளவும் கொழுப்பும் கால்சியக் குறைவுமே போதுமான காரணங்கள்.

உங்கள் ஊரில் வேறு எதுவுமே கிடைக்காத வாரம் வந்தால், தோலுரித்து வெள்ளையாக நிற்கும் சின்ன மீல்வார்மைப் பொறுக்கி, கால்சியம் தூவி, ஒரு வேளைக்கு நாலைந்து கொடுத்துச் சமாளிக்கலாம். சூப்பர்வார்மைக் குட்டி 40 செ.மீ. தாண்டும்வரை நினைக்க வேண்டாம்.

உலர்த்தி டப்பாவில் அடைத்த பூச்சிகளும் முதன்மை இரையாகா. அவற்றில் தண்ணீர் இல்லை. குட்டி தண்ணீரைப் பெருமளவு இரையிலிருந்தே பெறுகிறது. தவிர, அசையாததைப் பல குட்டிகள் இரை என்றே கருதுவதில்லை.

எந்த வயதிலும் கூடாதவை

மின்மினி. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மின்மினி தின்ற தாடி ஓணான்கள் இறந்ததை 1999இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று பதிவு செய்திருக்கிறது. தேரையின் தோலில் உள்ள நச்சைப் போன்ற ஒன்று அமெரிக்க மின்மினிகளில் இருக்கிறது. அது இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு மின்மினி போதும், மருத்துவரிடம் போவதற்குள் முடிந்துவிடலாம். மாலையில் தோட்டத்துக்கோ மொட்டைமாடிக்கோ குட்டியைக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால் கண்காணிப்பு தேவை.

தேள், தேனீ, குளவி, கம்பளிப்பூச்சி, பளிச்சென்ற நிறமுள்ள வண்டுகள் ஆகியவையும் விலக்கப்பட வேண்டியவை. கொட்டுவதும் நச்சு முடியும் அவற்றின் தற்காப்பு.

வீட்டுக் கரப்பானும் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியும் காசில்லாமல் கிடைப்பவை. அவை எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்தன, எந்த வயலில் தெளித்த மருந்து மேலே பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒட்டுண்ணி முட்டைகளையும் சுமந்துவரும். முதல் மழைக்குப் பின் தெருவிளக்கடியில் ஈசல் குவியும்போது, இதன் தாயகத்து உணவே இதுதானே என்று அள்ளத் தோன்றும். கறையான் மருந்து அடித்த வீட்டின் சுவரிலிருந்து கிளம்பிய ஈசலும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். விட்டுவிடுங்கள்.

பூச்சிக்கும் சாப்பாடு போட வேண்டும்

கடையிலிருந்து வரும் கிரிக்கெட் பெரும்பாலும் பட்டினியாக வரும். வெறும் வயிற்றுக் கிரிக்கெட்டைத் தின்னும் குட்டிக்கு ஓடும் காலும்தான் மிஞ்சும். இரையாக்குவதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரம் பூச்சிக்கு நல்ல தீனி போடுங்கள். அந்தத் தீனி குட்டியின் வயிற்றுக்கும் போகிறது.

கால்சியம் மிகுந்த முருங்கைக்கீரையும் கடுகுக்கீரையும் இதற்கு ஏற்றவை. காரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பரங்கிக்காய் ஆகியவற்றைத் துருவிப் போடலாம். பாலக்கீரையையும் பீட்ரூட் இலையையும் தவிருங்கள். அவற்றில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நன்றாக அலசிப் போடுங்கள். காய்கறியில் ஒட்டியிருக்கும் மருந்து முதலில் பூச்சியையும் பிறகு குட்டியையும் எட்டும். திறந்த தண்ணீர்க் கிண்ணத்தில் கிரிக்கெட்டுகள் விழுந்து சாகும். ஈரத்துக்குக் காரட் துண்டு போதும்.

பிஎஸ்எஃப் புழுவுக்கும் பட்டுப்புழுவுக்கும் இந்த வேலை இல்லை. பட்டுப்புழுவின் இயல்பான தீனி மல்பெரி இலைதான். பிஎஸ்எஃப் வந்த பெட்டியிலேயே கிடக்கட்டும். அதை 10 முதல் 15 டிகிரியில் வைத்தால் மெதுவாக வளரும்; சூட்டில் விட்டால் கறுத்துக் கூடாகி, பெட்டியில் ஈ பறக்கும்.

கால்சியம் தூவும் முறை

பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் தூளை வாங்குங்கள். ஒரு வேளைக்கான பூச்சிகளை டப்பாவில் போட்டு, ஒரு சிட்டிகைத் தூள் சேர்த்து, மெதுவாகக் குலுக்குங்கள். திருநீறு பூசினாற்போல் மெல்லிய வெள்ளைப் படலம் பிடித்தால் சரி. உடனே கொடுத்துவிடுங்கள், கொஞ்ச நேரம் விட்டால் கிரிக்கெட் தன் உடம்பைத் துடைத்துத் தூளை உதிர்த்துவிடும்.

ஆறு மாதம் வரை தினமும் ஒரு வேளைக்குக் கால்சியம் தூவலாம். வைட்டமின் கலவைத் தூளை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, கால்சியம் தூவாத வேளையில் கொடுங்கள். யுவிபி விளக்கு நன்றாக இருந்தால் பெரும்பாலான நாட்களில் டி3 கலக்காத கால்சியமே போதும். டி3யும் வைட்டமின் ஏயும் உடம்பில் தேங்கக் கூடியவை. அள்ளித் தூவினால் நஞ்சாகும்.

எத்தனை வேளை, எவ்வளவு

- மூன்று மாதம் வரை: நாளுக்கு மூன்று வேளை.
- மூன்று முதல் ஆறு மாதம்: இரண்டு வேளை.
- ஆறு முதல் பன்னிரண்டு மாதம்: ஒரு வேளை, கீரையின் பங்கைக் கூட்டிக்கொண்டே வரவும்.
- ஓராண்டுக்கு மேல்: வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை.

ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். எண்ணி நிறுத்த வேண்டாம். அந்த நேரத்துக்குள் தின்னும் வரை தின்னட்டும். நாலைந்தாகப் போட்டு, அவை தீர்ந்தபின் அடுத்ததைப் போடுங்கள். ஒரே நேரத்தில் முப்பதைக் கொட்டினால் குட்டி மிரளும், பாதி இடுக்குகளில் ஒளியும். நேரம் முடிந்ததும் மீதியைப் பிடித்து எடுத்துவிடுங்கள்.

காலையில் விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு சூடேறியபின் முதல் வேளை. விளக்கை அணைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசி வேளை முடிய வேண்டும். இரவில் உடம்பு குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும். புழுக்களைச் செங்குத்தான விளிம்புள்ள கிண்ணத்தில் வையுங்கள். மணல் விரித்த தரையில் இரை போட்டால் கடிக்குக் கடி மணலும் உள்ளே போகும். குட்டிப் பருவத்தில் காகிதத் துண்டு விரிப்பே நல்லது.

வாங்குவதற்கான கணக்கு

தினம் முப்பது என்றால் வாரத்துக்கு 210. வழியில் சாவதையும் சேர்த்து 250 வாங்கலாம். விலை மலிவு என்று ஒரு மாதத்துக்கு வாங்கினால், கிரிக்கெட் உங்கள் குட்டியைவிட வேகமாக வளர்ந்து அளவைத் தாண்டிவிடும். வாரம் ஒரு தடவை, அந்த வார அளவு என்பதே வழி.

பெட்டியில் செத்தவை நிறையக் கிடந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ வாங்காதீர்கள். பூச்சி சுறுசுறுப்பாக ஓட வேண்டும், கால்கள் முழுசாக இருக்க வேண்டும். வீட்டில் காற்றோட்டமுள்ள உலர்ந்த பெட்டியில், முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி, 25 டிகிரியை ஒட்டி வையுங்கள். செத்தவற்றைத் தினமும் பொறுக்கி எறியுங்கள். ஈரமும் பிணமும் சேர்ந்தால் பெட்டி மொத்தமும் போய்விடும்.

டூபியாவை வீட்டிலேயே பெருக்கினால் செலவு மிச்சம் என்று பலர் இறங்குவார்கள். சிறிய கூட்டத்திலிருந்து தொடங்கினால் அது தொடர்ந்து இரை கொடுக்க ஆறு மாதமாவது ஆகும். குட்டியின் பூச்சித் தேவை உச்சத்தில் இருப்பதும் அந்த ஆறு மாதம்தான். கூட்டம் பெருகி நிற்கும்போது உங்கள் ஓணான் கீரைக்கு மாறிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஓணான் வளர்ப்பவருக்கே இது லாபம்.

தேர்வு சரியா என்று அறிய

சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை குட்டியை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். மலம் உருண்டு திரண்டு, வெள்ளை நிற யூரேட் பகுதியோடு இருக்க வேண்டும். செரிக்காத பூச்சி முழுசாக வந்தால் அளவையும் வெப்பத்தையும் பாருங்கள்.

குட்டி திடீரென்று தின்பதைக் குறைத்தால் பூச்சியை மாற்றுவதற்கு முன் இந்த வரிசையில் சோதியுங்கள்: கல்லின் வெப்பம், யுவிபி விளக்கின் வயது, தோல் உரியும் பருவமா என்பது, கடைசியாகப் பூச்சியின் அளவு. தோல் உரியும் நாட்களில் பசி குறைவது இயல்பு. நாலும் சரியாக இருந்தும் இரண்டு நாளுக்கு மேல் தின்னாமல் எடையும் இறங்கினால், அல்லது விரல் துடிப்பும் தாடை நெகிழ்வும் தெரிந்தால், ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். கால்சியத்தைக் கூட்டித் தூவிப் பார்த்துக் காத்திருக்கும் நேரம் அது அல்ல.

பூச்சியோடு கீரைத் தட்டையும் முதல் நாளிலிருந்தே தினமும் வையுங்கள். குட்டி பல வாரம் அதை மிதித்துக்கொண்டுதான் போகும், இருந்தாலும் வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் பூச்சியைக் குறைக்கும்போது, தட்டில் இருப்பது உணவு என்று அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கும். அந்தத் தட்டில் எந்தக் கீரை, எந்தக் காய் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.